மலை இறங்கினால் நிறம் மாறும் பூ

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும் வண்டிகளில், மூணாறு நாற்றங்கால்களில் வாங்கப்பட்ட ஹைட்ரேஞ்சியாத் தொட்டி ஒன்று பின்னிருக்கையில் ஆடிக்கொண்டு வருவது அரிதான காட்சியன்று. கொடைக்கானலிலிருந்து பெரியகுளத்துக்கும், மேகமலையிலிருந்து சின்னமனூருக்கும் அதே செடி அதே நம்பிக்கையோடு இறங்குகிறது. பந்து போலத் திரண்ட நீலப் பூங்கொத்துக்காகவே அது வாங்கப்படுகிறது. முதல் ஒன்றிரண்டு வாரங்கள் அந்த நீலம் தேனியிலும் கம்பத்திலும் அப்படியே இருக்கிறது. பிறகு கொத்து காய்ந்து உதிர்கிறது. அடுத்த முறை செடி பூத்தால், பூத்தால் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், நீலம் இருந்த இடத்தில் வெளிறிய ஊதா தெரிகிறது. அதற்கும் அடுத்த முறை இளஞ்சிவப்பு. விற்றவர் வேறு இரகத்தைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று வாங்கியவர் முடிவு செய்கிறார். ஆனால் செடி மாறவில்லை, இரகமும் மாறவில்லை. அந்தச் செடியிலிருந்து ஒரு குச்சியை வெட்டி மறுபடி மூணாற்றில் நட்டால், அது மறுபடி நீலமாகவே பூக்கும். அப்படியானால் நிறம் எங்கே இருக்கிறது?

இதழ் போல் நடிக்கும் இலை

விடையைத் தேடும் முன், பூ என்று கருதப்படுவதை ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஹைட்ரேஞ்சியாவின் பந்தில் கண்ணைப் பறிக்கும் அந்த நான்கு நான்கு ஏடுகள் அல்லி இதழ்கள் அல்ல. ரோஜா மொட்டை வெளியிலிருந்து பொத்திப் பாதுகாக்கும் பச்சை ஏடுகளுக்குத் தாவரவியலில் புல்லி இதழ் என்று பெயர்; ஹைட்ரேஞ்சியாவில் அந்தப் புல்லி இதழ்களே அகன்று, நிறம் பூண்டு, பூவின் வேலையைப் பார்க்கின்றன. உண்மையான அல்லி இதழ்கள் நடுவில் மிளகு அளவுள்ள சிறு மொட்டாக ஒடுங்கிக் கிடக்கும். இலைக்கு நெருங்கிய உறவான ஏடு என்பதால்தான் இந்தக் கொத்து வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது. முதுமையில் பச்சை பூசிக்கொள்வதும் அதனால்தான்.

மலைத் தோட்டங்களில் நிறைந்திருக்கும் இனம் ஜப்பானைத் தாயகமாகக் கொண்டது. அங்கே அதற்கு அஜிசாய் என்று பெயர். சீனாவிலிருந்து அது 1789 வாக்கில் ஜோசப் பேங்க்ஸ் என்ற தாவரவியலாளர் வழியாக இலண்டனின் கியூ தோட்டத்தை அடைந்தது. நாகசாகியில் மருத்துவராகப் பணியாற்றிய சீபோல்ட் என்ற ஜெர்மானியர், தம் துணைவி தாக்கியின் பெயரை ஒட்டி இதன் ஒரு வகைக்கு ‘ஒடக்சா’ என்று பெயரிட்டார். ‘ஹைட்ரேஞ்சியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு நீர்க்கலம் என்று பொருள். விதைக்கூடு ஒரு சிறு குடம் போல இருப்பதால் வந்த பெயர் அது. சித்திரை மாதத்தில் கம்பத்தில் இதற்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் அந்தப் பெயருக்கு வேறொரு காரணம் கற்பிக்கக்கூடும்.

லிட்மஸுக்கு நேர் எதிர்

பள்ளிக்கூட ஆய்வகத்தில் லிட்மஸ் தாளைத் தொட்டவர்களுக்கு ஒரு விதி மறந்திருக்காது: அமிலம் பட்டால் நீலத்தாள் சிவக்கும், காரம் பட்டால் சிவப்புத்தாள் நீலமாகும். ஹைட்ரேஞ்சியாவைப் பற்றிய தோட்டக்கலைக் குறிப்புகளோ அமில மண்ணில் நீலம், கார மண்ணில் இளஞ்சிவப்பு என்கின்றன. எழுத்துப் பிழை என்று நினைக்கத் தோன்றும், பிழையில்லை. இந்த முரண்பாட்டை அவிழ்த்தால் புதிரில் பாதி அவிழ்ந்துவிடும்.

மண்ணின் புளிப்பையும் காரத்தையும் அளக்க அமில-கார நிலை என்ற அளவுகோல் இருக்கிறது. அதில் 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு எண் இறங்கும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. உழவர்களுக்கு வழங்கப்படும் மண்வள அட்டையிலும் இந்த எண் இடம்பெறும்.

மண்ணின் அமிலம் பூவுக்குள் நேரே ஏறுவதில்லை. ஏறுவது வேறொரு பொருள்: அலுமினியம். பூமியின் மேலோட்டில் மிகுதியாக உள்ள உலோகம் அதுதான். எடையில் சுமார் 8 விழுக்காடு. மலை மண்ணிலும் இருக்கிறது, கம்பத்துச் செம்மண்ணிலும் இருக்கிறது. ஆனால் களிமண் துகள்களுக்குள் பூட்டப்பட்டிருக்கும் அலுமினியத்தை வேர் உறிஞ்ச முடியாது. அமில-கார நிலை ஏறத்தாழ 5.5-க்குக் கீழே போனால் பூட்டுத் திறந்து, அலுமினியம் நீரில் கரைந்து வருகிறது; 6.5-ஐத் தாண்டினால் பூட்டு மூடிக்கொள்கிறது. பெரும்பாலான பயிர்களுக்குக் கரைந்த அலுமினியம் நஞ்சு, வேர் நுனியையே கருக்கிவிடும். தேயிலையைப் போலவே ஹைட்ரேஞ்சியாவும் விதிவிலக்கு: அது அலுமினியத்தைப் புளிப்புச் சாறுகளோடு கட்டி, தீங்கில்லாத பொட்டலமாக்கி, தண்டு வழியாக இலைக்கும் புல்லி இதழுக்கும் அனுப்புகிறது.

புல்லி இதழின் மேல்தோலுக்கு அடுத்த அடுக்கில் உள்ள செல்களில் நிறமி இருக்கிறது. செல்லுக்குள் சாறு நிறைந்த பை ஒன்று உண்டு. அதைச் சாற்றுப்பை என்று அழைக்கலாம். நாவற்பழத்துக்கும் கருந்திராட்சைக்கும் கருமை தரும் குடும்பத்தைச் சேர்ந்த நிறமி ஒன்று அந்தச் சாற்றுப்பையில் கரைந்திருக்கிறது. தனித்து விட்டால் அது சிவப்பு. அலுமினியம் வந்து சேர்ந்து, காப்பிக்கொட்டையில் உள்ள பொருளுக்கு உறவான ஒரு துணைப்பொருளும் கைகோத்தால், மூன்றும் பின்னிக்கொண்டு நீலமாகின்றன. பூட்டு, சாவி, கதவு மூன்றும் ஒரே நேரத்தில் கிடைத்தால்தான் வீடு திறக்கும் என்பது போல, மூன்றில் எது குறைந்தாலும் நீலம் இல்லை. வெள்ளை இரகங்களில் நிறமியே இல்லாததால், எந்த மண்ணில் வைத்தாலும் அவை வெள்ளையாகவே இருக்கின்றன.

ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குமி யோஷிதாவின் குழுவினர், முடியினும் மெல்லிய மின்முனையை ஒற்றைச் செல்லின் சாற்றுப்பைக்குள் செலுத்தி அளந்த முடிவுகள் 2003-இல் வெளியாயின. நீலச் செல்லின் சாற்றில் அமில-கார நிலை சுமார் 4.1, சிவப்புச் செல்லில் சுமார் 3.3. அதாவது, செல்லுக்குள்ளே அமிலம் மிகுந்தது சிவப்பு, குறைந்தது நீலம். லிட்மஸ் விதி பூவுக்குள் பொய்க்கவில்லை. மண்ணில்தான் அது தலைகீழாகத் தெரிகிறது, ஏனெனில் மண்ணின் அமிலம் செய்யும் வேலை அலுமினியத்தின் பூட்டைத் திறப்பதோடு முடிந்துவிடுகிறது.

தேயிலை இருக்கும் இடத்தில் நீலம்

மேகமலை சுமார் 1,500 மீட்டர் உயரம். கம்பம் சுமார் 400 மீட்டர். இந்த உயர வேறுபாட்டில் மழை முற்றிலும் மாறிவிடுகிறது. மலைமுகட்டில் தென்மேற்குப் பருவக்காற்று மாதக்கணக்கில் கொட்டும் மழை, மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மற்றக் காரப்பொருள்களையும் ஆண்டாண்டாகக் கழுவிக்கொண்டு போக, எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் எஞ்சி நிற்கின்றன, மண் புளிக்கிறது. தேயிலை விரும்பும் மண் இதுவே, ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை. தேயிலைச் செடி செழித்த இடத்தில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மூணாற்றிலும் மேகமலையிலும் கொழுக்குமலையிலும் சாலையோரப் புதர்கள் நீலமாக நிற்பதில் தோட்டக்காரரின் கைவண்ணம் ஏதும் இல்லை.

கீழே கதை வேறு. மலை தடுத்துவிடுவதால் பள்ளத்தாக்குக்கு ஆடி மாதத்தில் காற்றும் சாரலுமே மிஞ்சுகின்றன. பெய்யும் மழை சுண்ணாம்பைக் கழுவப் போதவில்லை. வெயில் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, சுண்ணாம்பு மேல் மண்ணிலேயே தங்குகிறது. நடுநிலைக்குச் சற்று மேலேயே நிற்கும் வயல்கள் இங்கே ஏராளம். வீட்டு முற்றத்து இட்லிப்பூச் செடியின் இளந்தளிர், நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக வெளிறினால் அந்த மண்ணில் காரம் மிகுந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அந்த இட்லிப்பூவின் பக்கத்தில் வைத்த ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்காது. தளிரும் அதேபோல் வெளிறும், ஏனெனில் காரம் இரும்பையும் சேர்த்தே பூட்டிவிடுகிறது.

மற்றொரு பூட்டு உரச் சாக்கிலிருந்து வருகிறது. திராட்சைக்கும் வாழைக்கும் வாங்கிய டிஏபியில் ஒரு பிடி வீட்டுச் செடிக்கும் விழுவது இப்பகுதியில் இயல்பு. டிஏபியிலும் எலும்புத்தூளிலும் நிறைந்துள்ள மணிச்சத்து, கரைந்து வந்த அலுமினியத்தைப் பிடித்துக் கட்டி மறுபடி கரையாப் பொருளாக்கிவிடும். நீலம் வேண்டுவோர் மணிச்சத்தைக் குறைத்துச் சாம்பல் சத்தைக் கூட்டுவது இதனால்தான். சாம்பல் சத்து என்றதும் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டுவிடக் கூடாது, அது காரம்.

ஒரு தொட்டியின் வரவு செலவு

காரம் மண்ணில் மட்டும் இருந்தால், புது மண்கலவையை நிரப்பிச் சிக்கலைத் தீர்த்துவிடலாம். தேனி மாவட்டத்தில் தென்னை நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. கழுவி உப்பு நீக்கிய நார்க்கழிவு சற்றே அமிலமானது. அதனோடு மக்கிய இலையுரமும் செம்மண்ணும் சேர்த்தால் ஹைட்ரேஞ்சியா ஏற்கும் கலவை கிடைக்கிறது. அப்படித் தொடங்கிய தொட்டியிலும் இரண்டாம் ஆண்டில் பூ சிவப்பது ஏன் என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று போட வேண்டும்.

கம்பத்தில் ஒரு வீட்டு மாடியில் 12 அங்குலத் தொட்டி இருப்பதாகக் கொள்வோம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் வகை. அதன் ஒரு லிட்டரில், சுண்ணாம்பின் கணக்கில் 300 மில்லிகிராம் காரம் கரைந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். கரிசல் மேடுகளில் இதைவிடக் கூடுதலாக இருக்கலாம், ஆற்றோரத்தில் குறையலாம். இங்கே சுண்ணாம்பு என்பது வெற்றிலைக்குத் தடவும் நீற்றிய சுண்ணாம்பைக் குறிக்காது. கிளிஞ்சலும் முட்டை ஓடும் எதனால் ஆனவையோ அந்தப் பொருள். நாளொன்றுக்கு 2 லிட்டர் ஊற்றினால் ஆண்டுக்கு 730 லிட்டர்; அதனோடு தொட்டிக்குள் போகும் சுண்ணாம்பு 219 கிராம். கோழிமுட்டை ஓடு ஒன்று ஐந்தரை கிராம் அளவில் இருக்கும் என்றால், அது 40 முட்டைகளின் ஓட்டை நுணுக்கித் தொட்டியில் கொட்டியதற்குச் சமம். துளை வழியே ஒரு பகுதி வடிந்துவிடும் என்றாலும், எஞ்சுவது ஒரு தொட்டியின் புளிப்பை அழிக்க மிக அதிகம். (முட்டை ஓட்டையே நேரடியாகப் போடும் வழக்கமுள்ள வீடுகளும் உண்டு. ரோஜாவுக்கு அது தீங்கு செய்யாமல் இருக்கலாம். ஹைட்ரேஞ்சியாவுக்கு அது இளஞ்சிவப்புக்கான உரம்.)

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது, தமிழ் வீடுகளில் கண்ணேறு கழிக்க வாசலில் கட்டித் தொங்கவிடும் அதே பொருள்: படிகாரம். கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கவும் முகச்சவரம் செய்த கன்னத்தில் தேய்க்கவும் பயன்படும் இந்தக் கட்டி, அலுமினியமும் சாம்பல் சத்தும் கந்தகமும் சேர்ந்த உப்பு. 100 கிராம் படிகாரத்தில் அலுமினியம் 6 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நாற்றங்கால்களில் நீலமாக்கப் பயன்படும் அலுமினியம் சல்ஃபேட்டுக்கு நெருங்கிய உறவான இது நாட்டுமருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. தண்ணீரில் கரைந்தால் மண்ணைப் புளிக்கவும் வைக்கும், அலுமினியத்தையும் கொடுக்கும். லிட்டருக்கு 3 கிராம், அதாவது தேக்கரண்டியில் பாதிக்குச் சற்று மேல், பொடித்துக் கரைத்து, மண் ஏற்கெனவே ஈரமாக இருக்கும்போது இரு வாரங்களுக்கு ஒருமுறை ஒரு லிட்டர் ஊற்றுவது மிதமான அளவு. காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும். இலையில் தெளித்தால் பயனில்லை.

இனி வரவையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆண்டுக்கு 26 முறை ஊற்றினால் தொட்டிக்குள் போகும் படிகாரம் 78 கிராம். 100 கிராம் சுண்ணாம்பைச் சரிக்கட்ட 300 கிராமுக்குச் சற்று மேல் படிகாரம் வேண்டும் என்பது வேதியியல் கணக்கு. ஆகவே 78 கிராம் படிகாரம் ஈடுகட்டுவது சுமார் 25 கிராம் சுண்ணாம்பை. உள்ளே வந்தது 219. ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான் தீர்ந்தது. படிகாரத்தை ஒன்பது மடங்கு கூட்டினால் கணக்கு நேராகும், ஆனால் உப்பு மிகுந்து செடி அதற்கு முன்பே போய்விடும். படிகாரம் போட்டும் நீலம் வரவில்லை என்று அங்கலாய்ப்பவர்களின் தொட்டியில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்: அவர்கள் மருந்தை மாதம் இருமுறை ஊற்றினார்கள், நோயை நாள்தோறும் ஊற்றினார்கள்.

எனவே மாற்ற வேண்டியது தண்ணீரை. ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். பத்துச் சதுர மீட்டர் மாடியில் 73 மில்லிமீட்டர் மழையே அந்தத் தொட்டியின் ஓராண்டுத் தேவையான 730 லிட்டரைத் தந்துவிடும். ஐப்பசியில் நல்ல மழை இரண்டு மூன்று பெய்தால் போதும். முதல் மழையில் தளத்துத் தூசும் சுண்ணாம்பும் கரைந்து வரும் என்பதால் அதை விட்டுவிட்டு, பின்வருவதைப் பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்து மூடிவைக்க வேண்டும். சிமெண்ட் தொட்டியில் பிடித்தால், அது தன் சுண்ணாம்பைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். ஏசியின் குழாயில் சொட்டும் நீரில் சுண்ணாம்பு இராது, அதையும் சேர்க்கலாம். ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் நீரை மட்டும் ஒருபோதும் ஊற்றக் கூடாது, வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மலையில் பெய்த மழையே முல்லைப் பெரியாறாக 1895 முதல் இந்தப் பள்ளத்தாக்குக்கு இறங்கி வருகிறது என்பதால், அந்தத் தண்ணீர் குழாயில் கிடைக்கும் வீடுகளுக்குக் கவலை குறைவு.

எலுமிச்சைச் சாறு பிழிவதில் பலன் கொஞ்சம் உண்டு, ஆனால் நிலைக்காது. மண்ணின் நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பைத் தின்றுவிட, காரம் திரும்பி வருகிறது. துருப்பிடித்த ஆணிகளைத் தொட்டியில் புதைக்கும் பழக்கம் ஐரோப்பாவிலிருந்து ஆசியா வரை பரவியிருக்கிறது. இரும்புக்கும் இந்த நீலத்துக்கும் தொடர்பில்லை. ஆணி வீணாவதோடு சரி.

நிறத்துக்கு முன்னால் பூ

இத்தனை கணக்கும் பூ வந்த பிறகுதான் பொருள்படும். பள்ளத்தாக்குத் தரையில் ஹைட்ரேஞ்சியா வளர்ப்பவருக்கு நிறம் இரண்டாவது கவலை. செடி இலைவிட்டு இலைவிட்டுப் பூக்காமலே நிற்பதுதான் முதல் கவலை, அதைப் பற்றி நாற்றங்கால்களில் யாரும் எச்சரிப்பதும் இல்லை.

இந்த இனம் தன் பூமொட்டைத் தண்டின் நுனிக்குள் உருவாக்க, 18 பாகைக்குக் கீழான குளிர்ந்த இரவுகள் தொடர்ந்து சுமார் ஆறு வாரங்கள் வேண்டும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும் என்ற விதிப்படி, மேகமலையின் இரவு கம்பத்தின் இரவைவிட ஆறேழு பாகை குளிர்ந்தது. அங்கே அந்த ஆறு வாரங்கள் கேட்காமலே கிடைக்கின்றன. கீழே மார்கழி, தை மாதங்களில் சில வாரங்கள் அந்த எல்லையைத் தொட்டும் தொடாமலும் போகின்றன. ஓர் ஆண்டு பூத்து மறு ஆண்டு பூக்காமல் போவது செடியின் பிணக்கன்று. அந்தத் தையின் இரவுகள் எப்படி இருந்தன என்பதைப் பொறுத்தது. ஆகவே கார்த்திகை முதல் மாசி வரை தொட்டியை இரவுக்குளிர் முழுதும் படும்படி திறந்த வெளியில், வெப்பத்தைத் தேக்கிவைக்கும் சிமெண்ட் சுவரிலிருந்து தள்ளி வைப்பது இங்கே செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செயல். அமெரிக்காவில் 2004-இல் அறிமுகமான எண்ட்லெஸ் சம்மர் போன்ற இரகங்கள் புதுத் தளிரிலும் பூக்கும் இயல்புள்ளவை. அவை கிடைத்தால் தரைப்பகுதிக்கு வாய்ப்புச் சற்றுக் கூடும்.

கவாத்து செய்யும் கை

குளிரில் கருவுற்ற மொட்டும் பல தோட்டங்களில் கத்தரிக்கோலுக்கு இரையாகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் திராட்சையை வளர்க்கும் கைகளுக்குக் கவாத்து என்பது இரண்டாம் இயல்பு. திராட்சையில் கொடியைக் குறுக்கி வெட்டினால் புதுத் தளிர் புறப்பட்டு, அந்தத் தளிரிலேயே குலை வரும், வெட்டினால்தான் காய்ப்பு. ஹைட்ரேஞ்சியாவில் சென்ற பருவத்துத் தண்டின் நுனியில் வரும் பருவத்துப் பூ ஏற்கெனவே சுருண்டு படுத்திருக்கிறது. தையில் செடியைத் திராட்சைப் பந்தல் போல மட்டம் தட்டியவர், அந்த ஆண்டின் பூக்களை எல்லாம் வெட்டிக் குப்பையில் போட்டவராகிறார்.

வெட்டுவதற்கு உரிய வேளை பூ முடிந்த உடனே. காய்ந்த கொத்தை, அதற்குக் கீழே பருத்துத் தெரியும் முதல் மொட்டு இணைக்குச் சற்று மேலே நறுக்கிவிட்டு, மூன்று நான்கு ஆண்டு முதிர்ந்த ஒன்றிரண்டு தண்டுகளை அடியோடு எடுத்தால் போதும். வெட்டிய பூக்காத இளந்தண்டுகளில் இரண்டு கணு உள்ள துண்டுகளை எடுத்து, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, ஈர நார்க்கழிவில் நிழலில் வைத்தால் மூன்று நான்கு வாரங்களில் வேர் விடும். கத்தரித்த இலைகளை ஆட்டுக்குப் போடக் கூடாது. அவற்றில் நஞ்சு உண்டு.

ஆடிக்காற்றில் அகன்ற இலை

உள்ளங்கைக்கு மேல் அகன்ற அந்த இலை, மலை மூடுபனிக்கு ஏற்றது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று ஆனி, ஆடியில் அந்த இலைகளின் ஈரத்தை வேர் அனுப்புவதைவிட வேகமாக உறிஞ்சிவிடுகிறது. காலை பத்து மணி வரை இளவெயில், பிறகு முழு நிழல், மேற்கிலிருந்து வரும் காற்றுக்குத் தடுப்பு என்ற மூன்றும் அமையும் இடம் வீட்டின் கிழக்கு அல்லது வடகிழக்கு மூலையில்தான் பெரும்பாலும் கிடைக்கும். மாமர நிழல் நல்லது. மண்தொட்டி தன் சுவர்வழியே கசிந்து வேரைக் குளிர்விக்கும்; தென்னை மட்டைத்துண்டுகளை நான்கு விரல் உயரம் மூடாக்காகப் பரப்பினால் ஊற்றிய தண்ணீர் பாதியில் ஆவியாகாது.

நண்பகலில் இலைகள் துவண்டு தொங்குவதைக் கண்டதும் குடத்தைத் தூக்குவது எல்லாருக்கும் இயல்பு. அதற்கு முன் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் அது பகல் வாட்டம். வெயில் தாழ்ந்ததும் இலை தானே நிமிரும். அந்த நிலையில் மேலும் ஊற்றினால் வேர் மூச்சுத் திணறி அழுகும், அழுகிய வேரால் நீர் ஏற்ற முடியாமல் இலை மேலும் துவளும், அதைக் கண்டு மேலும் ஊற்றுவார்கள். வீடுகளில் இந்தச் செடி தாகத்தால் சாவதைவிட இப்படிச் சாவது அதிகமாக இருக்கலாம்.

சுவரோரத்துப் புதர்

நீலம் வேண்டும் என்று கீழே பாடுபடுவது போல, மேலே இளஞ்சிவப்பு வேண்டும் என்று பாடுபடுபவர்களும் உண்டு. அவர்களின் வேலை எளிது: புதரைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளைத் தூவி, மண்ணை 6.5-க்கு மேலே கொண்டுபோனால் அலுமினியம் பூட்டப்பட்டுவிடும். கீழ்நாட்டில் விலை கொடுத்தும் கிடைக்காத நிறத்தை மலைநாட்டில் விலை கொடுத்துப் போக்குகிறார்கள் என்பதில் வேடிக்கை உண்டு. ஆயினும் கம்பத்துத் தொட்டி தானே இளஞ்சிவப்பாகப் பூத்தால், அதை அப்படியே விட்டுவிடுவதில் இழப்பு ஒன்றும் இல்லை. தளிர் வெளிறாமல் இலை கரும்பச்சையாக இருக்கிறது என்றால் செடி நலமாகவே இருக்கிறது. நீலம் செடியின் தேவையன்று, வளர்ப்பவரின் விருப்பம்.

இடைப்பட்ட நிலையையும் மலைவீடுகளில் காண முடியும். சுண்ணாம்பு அடித்த பழைய சுவரை ஒட்டி வளர்ந்த புதரில், மழை தோறும் சுவரிலிருந்து கரைந்து இறங்கும் சுண்ணாம்பு ஒரு பக்கத்து வேர்களை மட்டும் அடைகிறது. அப்பக்கத்து வேர்கள் ஊட்டும் தண்டுகளில் இளஞ்சிவப்புக் கொத்துகளும், முற்றத்தைப் பார்த்த தண்டுகளில் நீலக் கொத்துகளும், இரண்டுக்கும் நடுவே எந்தப் பெயரும் பொருந்தாத ஊதாவும் ஒரே அடிமரத்திலிருந்து கிளைத்து நிற்கின்றன.